கலிவரை அச்சடித்த கைகள்

1726 அக்டோபர் 28 அன்று லண்டனில் இரண்டு தொகுதிகளாக ஒரு பயண நூல் விற்பனைக்கு வந்தது. விலை எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. எழுதியவர் லெமுவேல் கலிவர். முதலில் அறுவை மருத்துவர், பின்பு பல கப்பல்களின் தலைவர். நூல் யாருக்காக அச்சிடப்பட்டதோ அவர் பெஞ்சமின் மோட். ஃப்ளீட் தெருவில் மிடில் டெம்பிள் வாயிலருகே கடை வைத்திருந்தவர். கலிவர் கற்பனை மனிதர். அவருக்குப் பின்னால் டப்ளின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் டீன் ஜோனதன் ஸ்விஃப்ட் இருப்பதை உலகம் சீக்கிரமே கண்டுகொண்டது. மோட் புத்தக வியாபாரி, முதல் போட்டவர். அப்படியானால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, தாளை அழுத்தி எடுத்தவர்கள் யார்? நூலின் எந்தப் பக்கத்திலும் இதற்கு விடை இல்லை.

இந்தக் கேள்வி எனக்கு ஒரு மூலபாடச் சிக்கலிலிருந்து எழுந்தது. தன் நூலைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஸ்விஃப்ட் பல ஆண்டுகள் குறைபட்டுக்கொண்டே இருந்தார். எந்தச் சொல் ஆசிரியருடையது, எது வியாபாரி பயந்து மாற்றியது, எது எழுத்துக் கோக்கும் கம்போசிட்டரின் கைத்தவறு என்று பிரித்தறிய வேண்டுமானால், கையெழுத்துப் பிரதி எத்தனை கைகளைக் கடந்து புத்தகமானது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அந்தக் கைகளைத் தேடிப் போனேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். அச்சு உரிமச் சட்டம் இங்கிலாந்தில் 1695-ல் காலாவதியானது. அச்சிட்ட ஒவ்வொன்றிலும் அச்சகத்தாரின் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1799-ல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் பெயர் போடுவது அவரவர் விருப்பம். பெரும்பாலோர் போடவில்லை. அச்சகத்தார் கூலிக்கு வேலை செய்தார். நூலின் உரிமை புத்தக வியாபாரியிடம் இருந்தது. வாங்க வருபவருக்குத் தெரிய வேண்டியது கடையின் முகவரி மட்டுமே. வழக்கத்தோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. 1719-ல் ஜான் மேத்யூஸ் என்ற இளம் அச்சுத் தொழிலாளியை, நாடு இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்கு ஆதரவான ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சிட்ட குற்றத்துக்காக டைபர்னில் தூக்கிலிட்டார்கள். பிரதமர் வால்போலின் ஆட்சியைப் பக்கத்துக்குப் பக்கம் குத்திக்காட்டும் நூலில் தன் பெயரைப் பொறிக்க எந்த அச்சகத்தார் முன்வருவார்?

அடுத்தது கடிதங்கள். நூல் மோட்டின் கைக்கு வந்த கதை ஓரளவு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 1726 ஆகஸ்ட் 8 தேதியிட்டு, ரிச்சர்ட் சிம்ப்சன் என்ற பெயரில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ‘என் உறவினர் கலிவர் எழுதிய பயணங்கள் என்னிடம் உள்ளன. மாதிரிக்கு ஒரு பகுதி இத்துடன் வருகிறது. விலை 200 பவுண்டு’ என்பது அதன் சாரம். சிம்ப்சன் என்று ஒருவர் இல்லை. கடிதத்தின் கையெழுத்து ஸ்விஃப்ட்டின் நண்பரான கவிஞர் ஜான் கேயினுடையது. நூல் வெற்றி பெற்றால் ஆறு மாதத்தில் பணம் தருவதாக மோட் பதில் எழுதினார். இரண்டு தொகுதிகளும் ஒன்றாக, எப்படியும் கிறிஸ்துமஸுக்குள் வெளிவர வேண்டும் என்று சிம்ப்சன் நிபந்தனை விதித்தார். மீதிப் பிரதியை இருட்டில் ஒரு வாடகைக் குதிரை வண்டியிலிருந்து தன் வீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள், யார் என்று தெரியாது என மோட் சொன்னதாக அலெக்ஸாண்டர் போப் நவம்பரில் ஸ்விஃப்ட்டுக்கு எழுதினார். அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கு காட்டும்: 200 பவுண்டு என்றால் 4000 ஷில்லிங், ஏறக்குறைய 470 பிரதிகளின் சில்லறை விலை. அதையும் மோட் கொடுத்துத் தீர்த்தார். 1727 மே 4 அன்று ஸ்விஃப்ட்டின் சார்பில் எராஸ்மஸ் லூயிஸ் கணக்கு முடிந்ததாகக் கையெழுத்திட்டிருக்கிறார்.

இந்தக் கடிதங்களில் ஆசிரியர் இருக்கிறார், நண்பர்கள் இருக்கிறார்கள், வியாபாரி இருக்கிறார். அச்சகம் மட்டும் இல்லை. ஆனால் அவை ஒரு முக்கியமான துப்பைத் தருகின்றன. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் பேரம் முடிந்தது. அக்டோபர் 28-ல் நூல் கடையில். நடுவே பதினொரு வாரம்கூட முழுதாக இல்லை.

மூன்றாவதாக, அச்சகங்களின் கணக்குப் பேரேடுகள். 18-ஆம் நூற்றாண்டு லண்டன் அச்சுத் தொழிலை ஆராய்பவர்களுக்கு இவை பெரும் புதையல். எந்த நூல், எந்த வியாபாரிக்கு, எத்தனை பாரம் (அச்சிட்டு மடிக்கும் முழுத் தாள்), எத்தனை பிரதி, பாரத்துக்கு என்ன கூலி என்று வரிவரியாக எழுதி வைத்திருப்பார்கள். வில்லியம் ஸ்ட்ராஹனின் பேரேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சாமுவேல் ஜான்சனின் அகராதியை அச்சிட்டவர் அவர். ஆனால் அவர் தொழில் தொடங்கியது 1730-களின் கடைசியில். சார்ல்ஸ் ஏக்கர்ஸின் பேரேடு 1732-ல் தொடங்குகிறது. ஹென்றி உட்ஃபாலின் கணக்குகளில் எஞ்சியவை 1734-க்குப் பிந்தியவை. 1726-ஐத் தொடுபவை வில்லியம் பௌயரின் பேரேடுகள் மட்டுமே. கலிவர் பௌயர் வீட்டு வேலை அல்ல.

இருந்தாலும் பௌயர் பேரேடுகளைப் புரட்டியது வீண் போகவில்லை. ஒரே நூலைப் பல அச்சகங்கள் பங்கிட்டு அச்சிடுவது அன்றைய லண்டனில் அன்றாட நடைமுறை என்பதை அவை காட்டுகின்றன. முதல் நான்கு பாரம் ஒருவர், அடுத்த ஆறு பாரம் இன்னொருவர் என்று வேலை பிரிந்து போகும். வியாபாரிக்கு அவசரம் இருக்கும். எந்த அச்சகத்திடமும் ஒரு பெரிய நூல் முழுவதையும் கோத்து வைக்கும் அளவுக்கு எழுத்து இருக்காது. ஒரு பாரத்தை அச்சிட்டு முடித்த பிறகு, எழுத்துகளைப் பிரித்துக் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பாரத்தைக் கோக்க முடியும். கலிவர் எட்டில் ஒன்றாக மடித்த அளவு, அதாவது ஒரு பாரத்துக்குப் பதினாறு பக்கம். இரு தொகுதிகளும் சேர்ந்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட பாரங்கள். இதை ஒரே அச்சகம் அந்தக் காலக்கெடுவுக்குள் முடித்திருக்குமா?

இந்த இடத்தில் காகிதச் சான்றுகள் நின்றுபோகின்றன. இனி நூலையேதான் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

முதல் பதிப்பின் படங்களை வரிசையாகப் பார்த்தபோது உடனே கண்ணில் பட்டது பக்க எண். கலிவரின் நான்கு பயணங்களும் நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. பாரங்களை வரிசைப்படுத்த அடிப்பக்கத்தில் இடும் குறியெழுத்துகளும் ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாகத் தொடங்குகின்றன. லில்லிபுட் எத்தனை பக்கத்தில் முடியும் என்று காத்திராமலே பிராப்டிங்னாக்கைக் கோக்கத் தொடங்கலாம். லாபுட்டாவும் குதிரைகளின் நாடும் அதே நேரத்தில் வேறு வேறு தெருக்களில் உருவாகிக்கொண்டிருக்கலாம். நூலின் கட்டமைப்பே வேலைப் பங்கீட்டை ஒப்புக்கொள்கிறது.

யார் யாருக்குப் பங்கு என்பதைச் சொல்பவை அலங்காரக் கட்டைகள். அந்தக் காலத்து நூல்களில் அத்தியாயத் தொடக்கத்துக்கு மேலே பூவேலைப் பட்டை இருக்கும். முடிவில் இடம் மிஞ்சினால் ஒரு சித்திரம் இருக்கும். முதல் சொல்லின் முதல் எழுத்தைச் சுற்றிச் சதுரச் சட்டம் இருக்கும். இவற்றுள் பல, மரத்தில் கையால் செதுக்கியவை. கையால் செதுக்கிய இரண்டு கட்டைகள் ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றுபோல அமையா. ஓர் அச்சகம் ஒரு கட்டையைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தும். அதற்குள் விளிம்பு உடையும், மரம் வெடிக்கும், பூச்சி துளைக்கும். ஒவ்வொரு சேதமும் அதற்குப் பிறகு அச்சான எல்லா நூல்களிலும் தெரியும். அச்சகத்தார் தன் பெயரை வெளிப்படையாகப் போட்ட நூல் ஒன்றில் அதே கட்டை, அதே வெடிப்போடு இருந்தால், பெயர் போடாத நூலும் அந்த வீட்டில் பிறந்தது என்று சொல்ல இடமுண்டு.

எச்சரிக்கையும் வேண்டும். உலோகத்தில் வார்த்த சிறு பூக்களை எந்த அச்சகமும் கடையில் வாங்கலாம். அவற்றை வைத்து எதையும் நிறுவ முடியாது. மரக்கட்டையிலிருந்தே அச்செடுத்து உலோகத்தில் வார்த்துக்கொள்வதும் உண்டு. கட்டைகள் இரவல் போகும், விற்கப்படும், வாரிசுக்குச் செல்லும். ஆகவே ஒரு கட்டை பொருந்தினால் அது சந்தேகம். ஒரே காலத்தில், ஒரே வீட்டின் பல கட்டைகள் பொருந்தினால்தான் சான்று. இப்போது இந்த வேலைக்குக் கணினி துணை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு நூல்களின் மின்படங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அலங்காரங்களைத் தனியே பிரித்தெடுத்த தரவுத்தளம் ஒன்றைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அதற்கு முன் எல்லாம் கண்ணும் நினைவும் பொறுமையும்தான்.

அந்தப் பொறுமையோடு கலிவரின் புதிரை அவிழ்த்தவர் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ட்ரெட்வெல். 1985-ல் வெளியான அவருடைய ஆய்வு ஐந்து அச்சகங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது: எட்வர்ட் சே, ஹென்றி உட்ஃபால், ஜேம்ஸ் பெட்டன்ஹாம், வில்லியம் பியர்சன், ஜேன் ஐலிவ். இவர்களுள் மிகப் பெரிய பங்கை அச்சிட்டவர் ஜேன் ஐலிவ். உலகமே படித்த நூலின் மிகப் பெரிய பங்கு ஒரு பெண்ணின் அச்சகத்தில் உருவானது!

பெயர்கள் கிடைத்ததும் தேடல் திசை மாறியது. இவர்கள் யார்? 1724-ல் சாமுவேல் நீகஸ் என்ற அச்சகத்தார், அமைச்சர் டவுன்ஷெண்ட் பிரபுவுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். லண்டனில் இருந்த சுமார் 75 அச்சகங்களை அரசியல் சார்பின்படி வகைபிரித்து, யார் ஜார்ஜ் மன்னருக்கு விசுவாசி, யார் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்தவர், யார் தீவிர டோரி, யார் கத்தோலிக்கர் என்று காட்டிக்கொடுத்த ஆவணம் அது. சக தொழிலாளரை வேவு பார்த்து எழுதிய அந்தத் தாள் இன்று நமக்கு உதவுகிறது. அதில் உட்ஃபால் மன்னரின் விசுவாசிகளோடு நிற்கிறார். பெட்டன்ஹாம் உறுதிமொழி மறுத்தவர்களோடு. ஆட்சியாளர்களின் கண்ணில் எதிரெதிர்க் கூடாரங்களைச் சேர்ந்த இருவர், ஆட்சியைக் கேலி செய்யும் ஒரே நூலின் பாரங்களைப் பங்கிட்டு அச்சிட்டிருக்கிறார்கள். மோட் ஆட்களைத் தேர்ந்தது கட்சி பார்த்து அல்ல. யாரிடம் ஆளும் எழுத்தும் ஓய்வாக இருந்தன என்று பார்த்துத்தான் என்பது என் முடிவு. ஐந்தாகப் பிரித்ததில் இன்னொரு பயனும் இருந்திருக்கும். ஓர் அச்சகத்தில் கிடைக்கும் பாரங்களை மட்டும் வைத்து யாராலும் முழுக் கதையையும் தெரிந்துகொள்ள முடியாது. திருட்டுப் பதிப்புக்காரருக்கும் உளவாளிக்கும் அது ஒருசேர இடையூறு.

ஜேன் ஐலிவைத் தேடியபோது ஒரு குடும்ப வரலாறே விரிந்தது. அவர் 1669-ல் பிறந்தவர். தந்தை தாமஸ் ஜேம்ஸ் லண்டன் அச்சகத்தார். தன் நூல்கள் பொதுப் பயனுக்குப் போக வேண்டும் என்று விரும்பியவர். அவர் இறந்தபின் அவை சயன் கல்லூரி நூலகத்துக்குச் சேர்ந்தன. தாய் எலினார் ஜேம்ஸ், தன் பெயரிலேயே அரசியல் பிரசுரங்களை எழுதி அச்சிட்டுத் தானே விநியோகித்தவர். மன்னர்கள், நாடாளுமன்றம், லண்டன் நகராட்சி என்று எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் வில்லியத்துக்கு எதிராக எழுதியதற்காக 1689-ல் நியூகேட் சிறைக்கும் போனார். நாற்பது ஆண்டுக்கும் மேலாக அச்சுத் தொழிலில் ஊறியவள் என்ற உரிமையோடு அச்சகத்தார் அனைவருக்கும் அறிவுரை எழுதி வெளியிட்டார். கணவரை விட அவரே அதிகம் அறியப்பட்டவர் என்பதை அவர் காலத்துப் புத்தக வியாபாரி ஜான் டண்டனின் நினைவுக்குறிப்பு சொல்கிறது.

அந்த வீட்டில் வளர்ந்த ஜேன், ஆல்டர்ஸ்கேட் தெரு அச்சகத்தார் தாமஸ் ஐலிவை மணந்தார். கணவர் இறந்தபின் தொழிலை ஏற்று நடத்தினார். லண்டன் அச்சுத் தொழிலை ஆண்ட ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் நடைமுறை அதற்கு இடம் கொடுத்தது. உறுப்பினரின் விதவை, கணவரின் உரிமையில் அச்சகத்தைத் தொடரலாம், பயிற்சித் தொழிலாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஆணின் பெயரில் திருமணமும் விதவையின் பெயரில் தொழிலும் பதிவாகும் அந்த முறையில், பெண்ணின் திறமை அவள் விதவையான பிறகுதான் ஆவணத்தில் தெரியத் தொடங்குகிறது. மோட் அவரிடம் மிகப் பெரிய பங்கை ஒப்படைத்ததற்குக் காரணம் இரக்கமாக இருக்க முடியாது. காலக்கெடு நெருக்கும்போது வியாபாரி பார்ப்பது வேலை முடியுமா என்பதைத்தான்.

ஜேனின் மகன் ஜேக்கப் ஐலிவும் அச்சுத் தொழிலுக்கே வந்தார். இந்த உலகமே நரகம், மனிதர்களே வீழ்ந்த தேவதூதர்கள் என்று வாதிடும் ஓர் உரையை 1729-ல் எழுதி, தாய்க்குப் பலமுறை வாசித்துக் காட்டினார். தாய் 1733 ஆகஸ்ட் 29 அன்று இறந்தார். மகன் அந்த உரையைப் பொதுவெளியில் நிகழ்த்த வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். செப்டம்பரில் லண்டன் தொழிற்குழு மண்டபங்களில் ஜேக்கப் அதை நிகழ்த்தினார். பின்னாளில் லண்டன் பிஷப்பின் சமயச் சொற்பொழிவுகளைத் தாக்கி எழுதியதற்காக 1756 முதல் 1758 வரை கிளார்க்கென்வெல் சிறையில் இருந்தார். அங்கிருந்தே அந்தச் சிறையைச் சீர்திருத்தக் கோரி நூல் எழுதினார். தாய் எலினார் பிரசுரக்காரி, மகன் ஜேக்கப் சிறை சென்ற எழுத்தாளன். நடுவே கலிவரை அச்சிட்ட ஜேன். அச்சம் அறியாத அந்த வீட்டுக்கு மோட்டின் பாரங்கள் போய்ச் சேர்ந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இதே காலத்தில் டப்ளினிலும் ஸ்விஃப்ட்டின் எழுத்தை ஒரு விதவை தாங்கினார். 1724-ல் துணி வியாபாரி ஒருவரின் பெயரில் ஸ்விஃப்ட் எழுதிய கடிதங்களை அச்சிட்டவர் ஜான் ஹார்டிங். ஆசிரியரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு பரிசு என்று அரசு அறிவித்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஹார்டிங் சிறைப்பட்டார், 1725-ல் இறந்தார். அவர் மனைவி சாரா ஹார்டிங் தொழிலைத் தொடர்ந்தார். ஸ்விஃப்ட்டின் புகழ்பெற்ற ‘எளிய யோசனை’ 1729-ல் அவர் அச்சகத்திலிருந்தே வந்தது. எழுதியவர் புனைபெயருக்குள் பத்திரமாக இருக்க முடிந்தது. அச்சிட்ட குடும்பம்தான் விலை கொடுத்தது.

இனி மூலபாடக் கேள்விக்கு வருகிறேன். ஐந்து அச்சகங்கள் என்றால் அதைவிட அதிகமான கம்போசிட்டர்கள். அன்று எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, பெரிய எழுத்து எல்லாவற்றையும் அச்சகத்தின் வழக்கப்படியே கம்போசிட்டர் அமைப்பார். ஆகவே லில்லிபுட்டுக்கும் லாபுட்டாவுக்கும் இடையே நிறுத்தக்குறிகளில் வேறுபாடு தெரிந்தால், அதிலிருந்து ஸ்விஃப்ட்டின் நடை மாற்றத்தைப் பேசுவது ஆபத்து. அது தெரு மாற்றமாக இருக்கலாம். ஸ்விஃப்ட்டின் நண்பர் சார்ல்ஸ் ஃபோர்டு 1727 ஜனவரி 3 அன்று மோட்டுக்கு அனுப்பிய நீண்ட பிழைத்திருத்தப் பட்டியலில் உள்ள அச்சுப்பிழைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். கைத்தவறுகள் அச்சகத்துடையவை. அரசியல் சூடு தணிக்கப்பட்ட பத்திகள் வேறு வகை. அவற்றைச் செய்தவர் மோட்டின் தொழிலோடு தொடர்புடைய ஆண்ட்ரூ டூக் என்ற பாதிரியார் என்று 1733-ல் ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்விஃப்ட் குற்றம் சாட்டினார். 1735-ல் டப்ளினில் ஜார்ஜ் ஃபாக்னர் வெளியிட்ட பதிப்பு பல இடங்களைச் சீர்செய்தது. ஆனால் கதையில் வரும் லிண்டலினோ நகரத்தாரின் கிளர்ச்சியைச் சொல்லும் பத்திகளை அச்சிட ஃபாக்னரும் துணியவில்லை. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபோர்டின் சொந்தப் பிரதியில் கையெழுத்தாகக் கிடந்த அவை 1899-ல்தான் அச்சேறின.

அச்சகத்தாரின் பெயர் தெரிவதால் இந்த இரண்டு குற்றப்பத்திரிகைகளையும் பிரித்து வைக்க முடிகிறது. பயந்து வெட்டியது வியாபாரியின் தரப்பு. அவசரத்தில் பிழை விட்டது அச்சுக்கூடத்தின் தரப்பு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ‘அச்சுக்காரர்கள் சிதைத்தார்கள்’ என்று எழுதுவது, பதினொரு வாரத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட பாரங்களைக் கையால் கோத்து முடித்தவர்களுக்கு அநியாயம்.

1695-க்கும் 1799-க்கும் இடையே இங்கிலாந்தில் வெளிவந்த எண்ணற்ற நூல்கள் இன்னும் அச்சகத்தார் பெயர் இல்லாமலே நூலகப் பட்டியல்களில் இருக்கின்றன. அவற்றின் பக்கங்களில் கட்டைகளும் வெடிப்புகளும் அப்படியே உள்ளன. கருவிகளும் இப்போது கையில் உள்ளன. ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பெயர்களைச் சேர்க்கும் வேலையை இளம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கலிவரின் முதல் பதிப்பைக் காட்சிக்கு வைக்கும் எந்த நூலகமும், ஸ்விஃப்ட், மோட் என்ற பெயர்களுக்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: மிகப் பெரிய பங்கை அச்சிட்டவர் ஜேன் ஐலிவ், லண்டன். அந்த வரிக்குச் சான்று இருக்கிறது.